கதவைச் சாத்தி வச்சுப் பாருங்க

ஆனைக்குட்டத்தில் ஒரு பூட்டிய வீட்டு வாசலில்தான் பாண்டிமுருகன் அந்தக் கையை முதன்முதலில் பார்த்தான்.

வீட்டுக்காரர்கள் கல்யாணத்துக்குப் போய் இரண்டு நாளாயிற்று என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். வந்தது வந்தோம், வெளிப்பக்கத்தையாவது படம் பிடித்துக்கொண்டு போவோம் என்று, சூட்டைப் படமாக்கும் கேமராவைத் தூக்கினான். உச்சி வெயில். தெருவில் ஒரு நாய் இல்லை. அணைப்பக்கமிருந்து வந்த காற்றில் ஈரம் கிடையாது, சேறு காய்ந்து வெடித்த வாடை மட்டும்தான். சூடு ஏற ஏற நிறம் வெளுக்கும் அதன் சின்னத் திரையில் கூரைத் தகரம் மஞ்சளாகத் தெரிந்தது, சுவர் ஆரஞ்சாக, வாசல்நிலை அதைவிடக் கொஞ்சம் மங்கலாக. நிலையின் வலது பக்கத்தில், தோள் உயரத்தில், ஒரு கை இருந்தது. ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையை முழுதாக அழுத்தி எடுத்த தடம். வெள்ளையாக எரிந்தது.

கேமராவை இறக்கிக் கண்ணால் பார்த்தான். வெறும் மரம், பழைய மஞ்சள் பூச்சு, அவ்வளவுதான். மறுபடி தூக்கியபோது விரல் நுனிகள் கரையத் தொடங்கியிருந்தன. பிறகு விரல்கள். கடைசியில் உள்ளங்கைக் குழி மட்டும் ஒரு புள்ளியாக நின்று, அதுவும் மரத்தோடு மரமாகிப் போனது.

அவன் வேலையே வீடுகளின் சூட்டை அளப்பதுதான். மதுரையில் இருக்கும் ஒரு கம்பெனி, கோடை வந்தால் எந்த வீடு ஆளைக் கொல்லும், எந்த வீடு தாங்கும் என்று ஊர் ஊராகக் கணக்கெடுக்கும் வேலையை ஏற்றிருந்தது. ஆபத்தான வீட்டுக்குச் சிவப்பு, தாக்குப்பிடிக்கும் வீட்டுக்கு மஞ்சள், கவலையில்லாத வீட்டுக்குப் பச்சை. சிவப்பு விழுந்த வீட்டுக் கூரைக்கு வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சு பூசி, சுவரில் காற்றுக்கு வழியும் வைத்துக் கொடுப்பார்கள். விருதுநகர் ஜில்லாவில் வெயிலை அளக்க சம்பளத்துக்கு ஒரு ஆளா என்று சொந்தக்காரர்கள் அவனைக் கேலி செய்யாத விசேஷம் கிடையாது. அவனும் சிரித்துக்கொள்வான்.

போகிற தெருவிலெல்லாம் பிள்ளைகள் கேமராவைச் சுற்றி மொய்க்கும். நிழலில் இருக்கும் சுவரில் உள்ளங்கையை வைத்து எடுக்கச் சொல்லித் திரையைக் காட்டுவான். சுவரில் பிள்ளையின் கை மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருக்கும், ஒரு நிமிடத்துக்குள் மறைந்துவிடும். அதனால் கையின் சூடு எப்படிப் பதியும், எப்படிப் போகும் என்பதெல்லாம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். அந்தப் பாடம்தான் இப்போது அவன் முதுகைச் சில்லிட வைத்தது. தடம் இருந்தது என்றால் யாரோ இந்த நிமிடம் அங்கே கை வைத்துப் போயிருக்க வேண்டும். அது மட்டுமில்லை. வெயிலில் கிடக்கும் நிலையில் மனிதக் கை பட்டால், மரத்தைவிடக் கை குளிர்ச்சி என்பதால் தடம் கருப்பாகத்தான் விழும். இது வெள்ளையாக விழுந்திருந்தது. வெயிலைவிடச் சூடான கை. காய்ச்சலில் கிடக்கிறவர்களுக்குக்கூட அப்படி ஒரு கை இருக்காது.

கேமராவில் கோளாறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனால் வாசலுக்குள் நுழையும்போது வலது கையை நிலையில் வைத்து அழுத்திவிட்டு நுழையும் பழக்கம் யாருக்கு உண்டு என்பது அவனுக்குத் தெரியும். அந்தப் பெயரை மனசுக்குள் சொல்லாமலேயே வண்டியைக் கிளப்பினான்.

அவள் பெயர் இருளம்மாள்.

மார்ச் மாதக் கடைசியில் எம். புதுப்பட்டியில் லைன் வீடுகளை அளக்கப் போயிருந்தான். ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு வரிசையாக நின்ற தகரக் கூரை வீடுகள். எல்லாரும் பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகிறவர்கள். அவன் காலையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டதால், முதலில் இருந்த இருளம்மாள் வீட்டில் வாசல் கதவைத் திறந்தபடி வைத்து, வெயில் ஏறுமுன் ஒரு அளவு எடுத்துவைத்தான். அவள் அன்றைக்கு ஆலைக்கு லீவு. தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தவள் குடத்தை இடுப்பில் வைத்தபடியே வலது கையை நிலையில் அழுத்திவிட்டு உள்ளே வந்தாள். பாண்டிமுருகன் பார்த்ததைப் பார்த்து அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“பளக்கம் சார். ஷெட்டுக்குள்ள போகைல வாசல்ல இருக்க செம்புத் தகட்டத் தொட்டுட்டுத்தான் போகணும். உடம்புல இருக்க கரண்டு மண்ணுல எறங்கிரும். இல்லாட்டி மருந்துல பொறி விளுந்துரும்லா. கோயிலுக்குப் போனாலும் கை தன்னால நிலைக்குப் போகுது. எங்க வீட்டுக்காரரு கேலி பண்ணுவாரு.”

“நல்ல பழக்கந்தான்” என்றான்.

“சாப்பிட்டீகளா சார்?”

“ஆச்சும்மா.”

அவள் குடத்தை இறக்கிவிட்டுக் கொஞ்சம் தயங்கினாள். பிறகு தெருவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“சார், இப்படிக் கதவத் தொறந்துபோட்டுப் பாத்தா ஒண்ணுந் தெரியாது. நாங்க சாத்திக்கிட்டுத்தான் இருக்கோம். ஷெட்டு இல்லாத நாள்ல வீட்ல வச்சு சரம் பின்னுறேன். யார்ட்டயும் சொல்லிராதீக. காத்துப்பட்டா மருந்து பறக்கும், ஃபேன் போட முடியாது. ஆளுக பாத்தாலும் வம்பு. மத்தியானம் கதவச் சாத்தி வச்சுப் பாருங்க. அப்பத் தெரியும் நாங்க எப்படி இருக்கோம்னு.”

அவள் கேட்டது ஒன்றும் சலுகை இல்லை. விதியே அதுதான். வீட்டில் இருக்கிறவர்கள் எப்படி இருப்பார்களோ அப்படி, உச்சி வேளையில், அளக்கிறவன் முழுதாக ஒரு மணி நேரம் உள்ளே உட்கார்ந்து பார்க்க வேண்டும். மற்ற வீடுகளைப் பார்த்துவிட்டு மத்தியானம் திரும்பி வந்தான். அவள் தகரக் கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டாள்.

உள்ளே வெளிச்சம் தகர ஓட்டைகள் வழியாக ஊசி ஊசியாக இறங்கியது. கந்தகமும் பசையும் வியர்வையும் கலந்த வாடை மூக்கில் ஏறி நாக்கில் உப்பாக உட்கார்ந்தது. கூரை மேலே எங்கேயோ படக், படக் என்று சூட்டில் சொடுக்கு எடுத்துக்கொண்டிருந்தது. அவள் மூலையில் சப்பணமிட்டு உட்கார்ந்து ஓலைப்பெட்டியிலிருந்து வெடிகளை எடுத்துத் திரியோடு திரி பின்ன ஆரம்பித்தாள். சரக், சரக் என்று காகிதம் உரசும் சத்தம். சட்டை முதுகோடு ஒட்டியது. காதுக்குள் யாரோ அடுப்பு ஊதுவதுபோல இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவனால் மூச்சை முழுதாக இழுக்க முடியவில்லை. எதையாவது செய்வோம் என்று கேமராவை எடுத்து அவள் பக்கம் திருப்பினான்.

திரையில் அவள் இல்லை.

சுவர் மஞ்சள், தரை மஞ்சள், ஓலைப்பெட்டி மஞ்சள். உடம்பின் சூடும் அறையின் சூடும் ஒன்றாகிவிட்டால் ஆள் தெரியாது என்று பயிற்சியில் சொன்னது ஞாபகம் வந்தது. ஆனால் அந்த வெற்று மஞ்சளிலிருந்து, “எப்படி சார் இருக்கு?” என்று குரல் வந்தபோது அவன் எழுந்துவிட்டான்.

“முடிஞ்சிருச்சா சார்?”

“முடிஞ்சிருச்சும்மா.”

“கூரைக்கு வெள்ளை அடிச்சிருவாகளா?”

“அடிச்சிருவாங்க.”

பத்து நிமிடம்கூட உட்காரவில்லை. வெளியே புளியமரத்தடியில் உட்கார்ந்து ஒரு பன்னீர் சோடாவை வாங்கிக் குடித்து, மூச்சு சீரானதும், காலையில் கதவைத் திறந்து வைத்து எடுத்த அளவையே மத்தியான அளவாகப் பதிந்தான். மறுபடி உள்ளே போக நினைக்கவும் அவன் உடம்பு மறுத்தது. அந்த ஒரு வீட்டை வைத்தே லைன் முழுக்க மஞ்சள் போட்டான். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. சோம்பேறித்தனம்கூட முழுசாக இல்லை. பயந்துவிட்டான், பயந்ததை ஒத்துக்கொள்ள வெட்கப்பட்டான், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் பிறகு அவனைத் தூங்கவிடவில்லை.

கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில் இருளம்மாள் செத்துப்போனாள்.

கம்பெனி மேலாளர் நல்லசிவம்தான் போனில் சொன்னார். “மஞ்சள் போட்ட வீட்ல எப்படிய்யா ஆள் சாகும்? போய்ப் பாத்துட்டு வா.” போனான். அவள் புருஷன் அய்யாதுரை, லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்தவன், மொட்டைத் தலையோடு வாசலில் உட்கார்ந்திருந்தான். யாரையும் திட்டவில்லை. எழுந்து வந்து கதவின் உட்பக்கத்தை மட்டும் காட்டினான்.

“தகரக் கதவுல்லா சார், சூட்டுல விரிஞ்சு கொண்டி இறுகிருச்சு. சாயந்தரம் ஆறினப் பெறகுதான் எடுக்க வரும். லைன்ல அம்புட்டுப் பேரும் வேலைக்குப் போயிட்டாக. தட்டுனது யாருக்குக் கேக்கும்?”

முந்தின நாள் ஷெட்டில் அவள் வெள்ளிப் பவுடர் அள்ளியிருக்கிறாள். அந்தப் பவுடர் எத்தனை சோப்புப் போட்டாலும் ரேகைக்குள் நின்றுவிடும், வியர்த்தால் வெளியே வரும். கதவில் வெள்ளி வெள்ளியாகக் கைத்தடங்கள். தோள் உயரத்தில் கொஞ்சம். இடுப்பு உயரத்தில் நிறைய. தரையிலிருந்து ஒரு சாண் மேலே ஒன்றே ஒன்று.

“மொதல்ல நின்னுக்கிட்டுத் தட்டியிருக்கா” என்றான் அய்யாதுரை. “பெறகு உக்காந்துக்கிட்டு. பெறகு படுத்துக்கிட்டு.” மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே, “நீங்க வந்துட்டுப் போன அன்னைக்கு ரொம்ப சந்தோசமா இருந்தா சார். அந்த சார் கதவச் சாத்தி வச்சே பாத்தாருன்னு சொல்லிக்கிட்டே இருந்தா” என்றான்.

பாண்டிமுருகன் வெளியே வந்து நல்லசிவத்துக்குப் போன் போட்டான். வீட்டுச் சூடு காரணமில்லை சார், நெஞ்சுவலி என்கிறார்கள் என்று சொன்னான். வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது. லைனில் மற்ற வீடுகளின் தகரக் கதவுகள் வெயிலில் கண் கூசும்படி நின்றன. ஒரு கதவுக்குப் பின்னால் யாரோ குழந்தைக்குத் தாலாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவன் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டான்.

அதற்கு அடுத்த வாரம்தான் ஆனைக்குட்டத்துக் கை.

பிறகு அது நிற்கவில்லை. அவன் அளக்கப் போகிற வீடுகளில், அவன் வாசலை மிதிக்கும் முன்னே, நிலையில் அந்தக் கை இருந்தது. அவனுக்கு முன்னால் ஒரு ஆள் நுழைந்திருக்கிறாள். உள்ளே போனால் யாரும் இருப்பதில்லை. வீட்டுக்காரர்கள் தண்ணீர் கொடுப்பார்கள், வெயிலைத் திட்டுவார்கள். அவன் மூலைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். எந்த வீட்டிலும் இப்போது கதவைச் சாத்தச் சொல்ல அவனுக்குத் துணிச்சல் இல்லை. எல்லா வீட்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டு சிவப்புப் போட்டான். புதுப்பட்டி லைன் மட்டும் மஞ்சளாகவே இருந்தது. அதை மாற்ற வேண்டுமென்றால் ஏன் மாற்றுகிறோம் என்று சொல்ல வேண்டும். நல்லசிவத்தின் எண்ணைப் போனில் எடுத்து வைத்துக்கொண்டு பல தடவை உட்கார்ந்திருக்கிறான். ஒரு தடவைகூட அழைக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ஆமத்தூரில், அவனுடைய சொந்த வீட்டு கேட்டில், அந்தக் கை இருந்தது.

பக்கத்தில் கரிசல் காடு, தூரத்தில் ரோடு, நடுவில் தனியாக நிற்கும் புதுவீடு. வண்டியை நிறுத்தி, பையிலிருந்து கேமராவை எடுத்து, எதற்கென்றே தெரியாமல் கேட்டைப் பார்த்தான். இரும்புக் கம்பியைச் சுற்றிப் பிடித்த நாலு விரல், வெள்ளையாக. அவன் கண் முன்னால் ஆறியது.

“ஏங்க, வீட்ட எதுக்குப் படம் பிடிக்கீக? நமக்கும் வெள்ளை அடிக்கப் போறீகளா?” என்று வாசலில் நின்று சிரித்தாள் அவன் மனைவி கற்பகம். இடுப்பில் நாலு வயது கீர்த்திகா.

“சும்மா.”

“ஊரு வீட்டயெல்லாம் அளக்கீக, நம்ம ஸ்டோர் ரூம அளந்துருக்கீகளா? ஆம்லெட்டு போடலாம் அங்கன. கொண்டி வேற மத்தியானமானா இறுகிக்கிருது, இரும்புக் கதவு போடாதீகன்னு அப்பவே சொன்னேன். ஒரு ஆளக் கூட்டிட்டு வந்து பாருங்கன்னு எம்புட்டு நாளாச் சொல்றேன்.”

“பாக்கலாம்” என்றான். அவனுக்கு அவள் பேசியது பாதிதான் காதில் விழுந்தது. அவன் குழந்தையின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கற்பகத்தின் தோளில் விரித்து வைத்திருந்த சின்ன உள்ளங்கை.

அன்றிரவு கற்பகத்திடம் சொல்லிவிடுவோம் என்று வாயெடுத்தான். எதிலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. கையிலிருந்து தொடங்கினால் சோடாவில் வந்து முடியும். புளியமரத்தடியில் ஏப்பம் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த தன்னை அவளுக்குக் காட்ட அவனுக்கு மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கற்பகம் விருதுநகருக்கு ஒரு வளைகாப்புக்குப் போனாள். குழந்தைக்குச் சளி என்று அவனிடம் விட்டுவிட்டு, சாயந்தரம் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனாள். மத்தியானம் கரண்டு போனது. ஃபேன் ஒரு சுற்றுச் சுற்றி நின்றதும் வீடு முழுக்க ஒரு அமைதி இறங்கியது. காற்றுக்காக எல்லாக் கதவுகளையும் திறந்து வைத்திருந்தான். கீர்த்திகா ஹாலில் பாயில் உட்கார்ந்து வண்ணப் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள். வெளியே காட்டில் வெயில் அலை அலையாக நின்றது. வேலிக்கருவையில் ஒரு இலை அசையவில்லை. எங்கோ ஒரு புறா முனகி முனகி நிறுத்தியது. அதற்குப் பிறகு வந்த வாடை அவனுக்குத் தெரிந்த வாடை. கந்தகம், பசை, வியர்வை.

கேமராவை எடுத்தான். எடுக்காமல் இருந்திருக்கலாம்.

கேட்டில் கை. பளிச்சென்று.

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மங்கியது. மங்கி முடிவதற்குள் வாசல் நிலையில் அடுத்தது விழுந்தது. யாரும் வரவில்லை. திறந்த வாசலில் வெயில் மட்டும் நின்றது. ஆனால் நிலையில், தோள் உயரத்தில், ஒவ்வொரு விரலாக, அழுத்தி வைப்பதுபோல, தடம் வெளுத்தது.

குழந்தையை வாரி எடுத்தான். வண்டி வாசலுக்கு வெளியே இருந்தது. பின்வாசலுக்குப் போகச் சமையலறையைக் கடக்க வேண்டும். ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்த நிலையிலும் இப்போது கை. போன் வாசலை ஒட்டிய சுவரில் சார்ஜரில் தொங்கியது. அவன் பின்னால் நகர்ந்து நகர்ந்து போனான். ஷெட்டில் கதவுகளைச் சாத்தவே மாட்டார்கள், ஓடுவதற்கு வழி வேண்டுமென்று நாலு பக்கமும் திறந்தே கிடக்கும்; அவள் திறந்த வாசலைத் தொட்டுத்தான் உள்ளே வருகிறாள்; சாத்திய கதவைத் தாண்ட மாட்டாள் என்று அவன் புத்தி சொல்லிக்கொடுத்தது. அந்த நேரத்தில் அது பெரிய கண்டுபிடிப்பாகத் தோன்றியது. முதுகுக்குப் பின்னால் ஸ்டோர் ரூம். தகரக் கூரை போட்ட, ஜன்னல் இல்லாத அறை. அணில் வருகிறதென்று காற்று ஓட்டையை அவனே அட்டை வைத்து அடைத்திருந்தான். உள்ளே போய் இரும்புக் கதவைச் சாத்திக் கொண்டியை அடித்து இறக்கினான்.

இருட்டு. கூரைத் தகரத்தின் விளிம்பில் ஒரு கோடு வெளிச்சம். மேலே படக், படக் என்று சொடுக்கு.

“அப்பா, வேர்க்குது.”

“கொஞ்ச நேரந்தாண்டா. அம்மா வந்துருவா.”

“இங்கன வேணாம்.”

“பத்து நிமிசம்டா தங்கம். பத்தே நிமிசம்.”

கேமராவில் கதவைப் பார்த்தான். கதவு முழுக்க ஒரே மஞ்சள், தடம் எதுவும் இல்லை. அவனுக்குச் சிரிப்பு வரும்போல இருந்தது. வெளியே சத்தம் கேட்டது. சரக். சரக். காகிதம் உரசும் சத்தம், கதவுக்கு மிக அருகில், அவசரமே இல்லாமல். யாரோ சப்பணமிட்டு உட்கார்ந்து வேலையைத் தொடங்கிவிட்டதுபோல. அவன் குழந்தையின் காதைப் பொத்தினான். குழந்தை தண்ணீர் கேட்டது. தருகிறேன் என்றான். மறுபடி கேட்டது. பிறகு அவன் தொடையில் தலையைச் சாய்த்துக்கொண்டது. தன் மடியின் சூடு அவளுக்கு ஆகாது என்று ஒரு சாக்கை விரித்து அதில் படுக்க வைத்தான்.

அவனால் மூச்சை முழுதாக இழுக்க முடியவில்லை. காதுக்குள் யாரோ அடுப்பு ஊதினார்கள். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. நேரம் என்னவென்று தெரியவில்லை. கூரை விளிம்பில் இருந்த வெளிச்சக் கோடு மட்டும் நகர்ந்து சுவருக்கு வந்திருந்தது. கொஞ்சம் கண் அயர்ந்தானா, மயங்கினானா, அதுவும் தெரியவில்லை. விழித்தபோது சரக் சத்தம் இன்னும் இருந்தது.

“நான் உக்காரலை” என்றான் கதவைப் பார்த்து. குரல் வறண்டு வந்தது. “ஒரு மணி நேரம் உக்காரலைம்மா. ஓடிப் போயிட்டேன். காலைல எடுத்தத எழுதிட்டேன். நெஞ்சுவலின்னு சொன்னேன். எல்லாம் பொய்யி. லைன் வீடு அம்புட்டையும் சிவப்பாக்கிருதேன். இன்னைக்கே சொல்லிருதேன். எம்பிள்ளைய விட்ருங்க.”

சத்தம் நின்றது.

முதன்முதலாக அவனுக்கு அழுகை வந்தது. நிம்மதியில் வந்த அழுகை. இவ்வளவுதானா, இதைச் சொல்லத்தானா இத்தனை நாள் என்று நினைத்துக்கொண்டே எழுந்து கொண்டியைப் பிடித்தான். கை சுட்டது. இழுத்தான்.

வரவில்லை.

சட்டையைச் சுற்றிக்கொண்டு இழுத்தான். காலைக் கதவில் ஊன்றி இழுத்தான். கொண்டி இறுகியிருந்தது. அறைந்தான். கத்தினான். வெளியே கரிசல் காடு. வெயில். ரோடு தூரம். ஆறின பிறகுதான் எடுக்க வரும் என்று யாரோ சொன்னார்கள். யார் சொன்னது. அய்யாதுரை சொன்னான். கற்பகமும் சொன்னாள்.

கேமராவை எடுத்தான்.

கதவில் கை. உட்பக்கத்தில்.

தோள் உயரத்தில் ஒன்று. வெள்ளை. அதன் பக்கத்தில் இன்னொன்று. இடுப்பு உயரத்தில். மறுபடி இடுப்பு உயரத்தில். தன் கைகளாக இருக்கும் என்று நினைத்தான். இப்போது அறைந்தேனே, அதுதான். தன் கையைத் தூக்கித் திரைக்கு முன்னால் பிடித்தான். கை தெரியவில்லை. வெறும் மஞ்சள். கதவில் இருந்ததெல்லாம் வெள்ளை.

தடங்கள் இறங்கின. முழங்கால் உயரம். அதற்கும் கீழே.

“கீர்த்தி.”

சாக்கில் அசைவில்லை.

“கீர்த்திம்மா. எந்திரி.”

கேமராவைச் சாக்கின் பக்கம் திருப்பினான். தரை மஞ்சள். சுவர் மஞ்சள். சாக்கு மஞ்சள்.

சாக்கின் மேல் யாரும் இல்லை.

கேமராவை இறக்கினான். குழந்தை படுத்திருந்தது. முகம் அவன் பக்கம் திரும்பியிருந்தது. நெற்றியில் முடி ஒட்டியிருந்தது. தூக்கிப் பார்த்தான். யாரும் இல்லை. இறக்கினான். குழந்தை. தூக்கினான். மஞ்சள்.

பின்னால் கதவில் மெதுவாக ஒரு தட்டல் கேட்டது.

திரும்பினான். கேமரா கையோடு திரும்பியது. பெரிய கைகள் எல்லாம் ஆறிப்போயிருந்தன. கதவு சுத்தமாக இருந்தது. தரையிலிருந்து ஒரு சாண் மேலே மட்டும், ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையை முழுதாக அழுத்தி, ஒரு சின்னக் கை வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது.

ஒரு நிமிடத்தில் மங்கிவிடும் என்று பாண்டிமுருகன் பார்த்துக்கொண்டே நின்றான். அது மங்கவில்லை.